கப்ளிங் ரப்பர்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட் மேலே தெரியும்படி தரையில் படுக்கப் போட்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தூக்கினால், தான் உட்கார்ந்திருக்கும் தட்டோடு சேர்ந்து அது 'பொளக்' என்று வெளியே வரும். தட்டின் அடியில் காதுகள் போல மூன்றிலிருந்து ஆறு வரை உலோகத் துண்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். சக்கரத்தின் ஹப்புக்குள் அதே எண்ணிக்கையில் தடுப்புச் சுவர்கள். காதுக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருக்கும் கறுப்புக் கட்டைகளைத்தான் கப்ளிங் ரப்பர் என்று கேட்டு வாங்குகிறார்கள். டிரம் ரப்பர், டேம்பர் ரப்பர் என்றும் கேட்பதுண்டு. செயின் இழுக்கும் இழுப்பு முழுவதும் இந்தக் கட்டைகளைத் தாண்டித்தான் சக்கரத்துக்குப் போகிறது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரையிலான பாதையில் உலோகம் உலோகத்தைத் தொடாத ஒரே இடம் இது.

அங்கே மெத்தை எதற்கு என்றால், இன்ஜின் சீராக இழுக்கும் பிராணி கிடையாது என்பதுதான் காரணம். ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது நொடிக்கு 50 அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, கலவையை அமுக்க வேண்டிய வேளையில், இன்ஜின் தள்ளுவதை விட்டுவிட்டு வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கவே செய்யும். ஃப்ளைவீல் அந்தப் பள்ளத்தை ஓரளவுக்கு நிரவும். நிரவாமல் விட்டது செயினுக்குப் போகும். செயினுக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. இழுப்பு குறைந்தால் தொய்யும், திரும்ப வந்தால் சொடுக்கும். அது போதாதென்று, செயின் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாகச் சுற்றுகிறது. முன்பக்கம் 15 பல் ஸ்ப்ராக்கெட் போட்டிருந்தால், ஒவ்வொரு பல்லும் கண்ணியைப் பிடித்துவிடும்போது செயினின் வேகம் சுமார் 2 சதவீதம் ஏறி இறங்கும். இன்ஜினே இல்லாமல் கையால் சுற்றினாலும் இந்த ஏற்ற இறக்கம் இருக்கும்.

சிலிண்டர் கூடக் கூட அடிகள் நெருங்கிவிடுகின்றன. 12,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் பந்தய இன்ஜினில் நொடிக்கு 400 வெடிப்பு. அவ்வளவு வேகமான துடிப்பைக் கிராங்க்கின் கனமே விழுங்கிவிடும். ரப்பருக்கு அதில் பெரிய வேலை இல்லை. அங்கே ரப்பரின் வேலை வேறு: கியர் மாற்றும் நொடி, ஆக்ஸிலரேட்டரை மூடித் திறக்கும் நொடி, மேட்டில் எகிறிய சக்கரம் திரும்பத் தரையைப் பிடிக்கும் நொடி. இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒற்றை சிலிண்டர்காரர் சொல்லும் வைத்தியத்தை நான்கு சிலிண்டர்காரர் செய்து பார்த்துக் கெடுத்துக்கொள்கிறார். நடுவில் நிற்கும் இன்ஜின்களும் உண்டு. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சென்னைப் பந்தயத் தளத்திலும் 2021 முதல் ஓடிய ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கோப்பையின் 650 வண்டியில் இரண்டு சிலிண்டர். கிராங்க் 270 டிகிரி. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 270 டிகிரி, அதன்பிறகு 450 டிகிரி. நொண்டி நடை. இதில் ரப்பர் இரண்டு வேலையையும் பார்க்க வேண்டும்.

மெத்தையைச் சக்கரத்தில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இதற்கு மூன்று பள்ளிகள் இருந்தன. பிஎஸ்ஏ கிராங்க் முனையில், இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டை ஒரு கேம் மேடு மீது ஏற்றி, வலுவான ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்தது. டிரையம்ஃப் கிளட்ச்சின் நடுவில் ரப்பர் வைத்தது. ராயல் என்ஃபீல்டு பின்சக்கர ஹப்பில் வைத்தது. அதே ஹப்தான் 1955இல் மதராஸுக்கு வந்து, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான புல்லட்டிலும் இருந்தது: மூன்று காது, ஆறு கட்டை. எண்ணிக்கை எந்தத் தமிழ்நாட்டு மெக்கானிக்குக்கும் மனப்பாடம்.

கிராங்க் முனையில் முறுக்கு விசை குறைவு; அங்கே சின்ன மெத்தையே போதும். ஆனால் அந்த மெத்தை கியர்பாக்ஸுக்கு முன்னால் நிற்கிறது. சாலையிலிருந்து வரும் அடி செயின், கியர் எல்லாவற்றையும் தட்டிவிட்டுத்தான் அதனிடம் வரும். சக்கரத்தில் வைத்தால் சாலையின் அடி முதல் வாசலிலேயே வாங்கப்படும். அதற்கு விலையாக, கியரால் பெருகி வந்த முறுக்கு விசை முழுவதையும் ரப்பர் தாங்க வேண்டும். இன்றைய வண்டிகள் இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்கின்றன: கிளட்ச் கூடையின் முதுகில் ஸ்பிரிங்குகள், சக்கரத்தில் ரப்பர்.

எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். 60 நியூட்டன் மீட்டர் தரும் ஒரு 600 சிசி இன்ஜின். முதன்மைக் குறைப்பு 1.9, முதல் கியர் 2.6, செயினில் 2.8. பெருக்கினால் 13.8. சக்கரத்துக்கு வருவது ஏறக்குறைய 830 நியூட்டன் மீட்டர். காதுகள் மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாகவும் மொத்தம் ஐந்து காதுகள் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கட்டையின் மீதும் சுமார் 280 கிலோ எடை ஏறி உட்கார்ந்தது போல. இது நிதானமாக இழுக்கும்போது. கிளட்ச்சை டப்பென்று விட்டால் கணக்கு வேறு.

பந்தயத்துக்குத் தயாராகும் வண்டியில் முதலில் வரும் சபலம் இதையெல்லாம் தூக்கிப் போடுவதுதான். ரப்பர், காதுத் தட்டு, அதன் தனி பேரிங் எல்லாம் கனம்; சுற்றும் கனம் வேறு. ஸ்ப்ராக்கெட்டை ஹப்பிலேயே நேராக போல்ட் போட்டு இறுக்கினால் என்ன? மோட்டோகிராஸ் வண்டிகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு மெத்தையாக மண் இருக்கிறது. அடி விழுந்தால் சக்கரம் வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். அதே வண்டிக்கு 17 அங்குலச் சக்கரமும் தார்ச்சாலை டயரும் மாட்டி சூப்பர்மோட்டோ ஓட்டுகிறவர்கள் ரப்பர் வைத்த ஹப்பைத் தேடி வாங்குவதன் காரணம் இதுதான். சூடேறிய ஸ்லிக் டயர் தாரைக் கவ்வினால் வழுக்காது. வழுக்காத இடத்தில் வேறு ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். கியர்களின் பக்கவாட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் 'டாக்' முளைகளின் விளிம்பு மழுங்கும், கியர் எகிறும், செயின் நீளும், ஸ்ப்ராக்கெட் பல் கொக்கியாக வளையும். மிச்சம் பிடித்த கனம் கிராமில், செலவு கியர்பாக்ஸில்.

ஆக, ரப்பர் வேண்டும். எப்படிப்பட்ட ரப்பர் என்பதில்தான் தகராறு. 'கெட்டியான ரப்பர் போட்டால் வண்டி சுள்ளென்று கேட்கும்' என்பது பரவலான நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது, பாதி. ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாய்கிறது என்றால், அந்த யோசனையில் பெரும் பங்கு ரப்பரின் மென்மையால் வருவதில்லை. காதுக்கும் ரப்பருக்கும் நடுவில் விழுந்துவிட்ட ஆட்டத்தால் வருகிறது. மேலே சொன்ன வண்டியிலேயே, காதின் பக்கம் 1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருந்தால், ஸ்ப்ராக்கெட்டில் அது ஏறக்குறைய 1 டிகிரி. கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் முதல் கியரில் கிராங்க் பக்கத்திலிருந்து பார்த்தால் 13 டிகிரி. அந்த 13 டிகிரியையும் கிராங்க் சுமையில்லாமல் ஓடிக் கடக்கும். ஓடி வந்த வேகத்தோடு ரப்பரில் மோதும். மென்மையான ரப்பர் மெதுவாகத் தள்ளுகிறது என்று குறை சொல்லலாம். ஆட்டம் விழுந்த கெட்டி ரப்பர் சுத்தியல்.

அதனால் வேலை தொடங்க வேண்டிய இடம் அளவெடுப்பது. சக்கரம் வண்டியிலேயே இருக்கட்டும். செயினைக் கழற்றிவிட்டு, பின் பிரேக்கை யாராவது அழுத்திப் பிடிக்க, ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பது முதல் சோதனை. தடுப்பே இல்லாமல் கொஞ்சமும் நகரக் கூடாது. இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால், ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளில் ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் பிணைத்து, அதன் முனையில் 5 கிலோ, 10 கிலோ என்று எடையை ஏற்றிக்கொண்டே போய், ஸ்ப்ராக்கெட் எத்தனை நகர்ந்தது என்று டயல் கேஜில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எடையை இறக்கும்போதும் எழுத வேண்டும். வரைந்து பார்த்தால் ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியாது. நடுவில் ஒரு மெல்லிய இலை வடிவம் கிடைக்கும். ரப்பர் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத ஆற்றல் அந்த இலையின் பரப்பு. அது வெப்பமாகப் போய்விட்டது.

இந்தப் பரப்பைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மெத்தை என்றதும் எவ்வளவு அமுங்கும் என்று பார்க்கிறார்கள். எவ்வளவு திருப்பி உதைக்கும் என்று பார்ப்பதில்லை. இயற்கை ரப்பர் உருண்டையைத் தரையில் போட்டால் இடுப்பு உயரத்துக்கு எழும்பும். பியூட்டைல் ரப்பர் உருண்டை அதே கெட்டித்தன்மையில் இருந்தாலும் மண்ணுருண்டை போல விழுந்த இடத்தில் கிடக்கும். முதலாவதில் செய்த கட்டை அடியை வாங்கி, அடுத்த கணமே செயினுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டாவது விழுங்கும். அப்படியானால் எல்லாவற்றையும் பியூட்டைலில் செய்துவிடலாமே என்று தோன்றும். விழுங்கியது எல்லாம் சூடு. தொடர்ந்து சுமையில் கிடந்தால் பியூட்டைல் அமுங்கிய வடிவிலேயே தங்கிவிடும். தங்கிவிட்டால் ஆட்டம். திரும்பவும் அதே சுத்தியல். நல்ல பந்தயக் கட்டைகளின் கலவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ செய்துகொண்ட சமரசம்.

ரப்பரைப் பற்றிய இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. ரப்பர் வளைந்து கொடுக்கும், பிதுங்கும். ஆனால் கன அளவில் சுருங்காது. சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்துவிட்டு அமுக்கிப் பார்த்தால் எப்படியோ, நாலா பக்கமும் அடைபட்ட ரப்பரும் அப்படித்தான். ஒரு பக்கம் அமுங்க வேண்டுமென்றால் இன்னொரு பக்கம் பிதுங்க இடம் வேண்டும். தொழிற்சாலையில் வரும் கட்டைகளின் நடுவில் துளையும், ஓரங்களில் குழிவும், மேல்பக்கம் சரிவும் இருப்பது சிக்கனத்துக்காக என்று நினைத்து அதை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹப்பின் அறைக்குள் கொஞ்சமும் இடைவெளி விடாமல் ரப்பர் துண்டுகளைத் திணித்துவிட்டு, வண்டி இப்போது ஜம்மென்று இழுக்கிறது என்பார்கள். இழுக்கத்தான் செய்யும். அங்கே இப்போது இருப்பது ரப்பர் இல்லை, கல். மாறாக, கட்டை அதிகக் கெட்டியாக இருப்பதாகப் பட்டால், புதிய கலவை தேடாமல் நடுவில் ஒரு துளை போட்டே மென்மையாக்கலாம். துளையின் அளவைக் கூட்டிக் குறைத்து, முதலில் மென்மை, துளை அமுங்கி மூடிய பிறகு கெட்டி என்று இரண்டு கட்டமாக வேலை செய்யவும் வைக்கலாம். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுத் திறக்கும் சின்ன விசைக்கு மென்மையும், முழுச் சுமைக்குக் கெட்டியும் கிடைக்கும். வளைவின் நடுவில் வண்டியைச் சாய்த்துப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்கு முதல் கட்டம்தான் முக்கியம். அங்கே ஒரு சொடுக்கு வந்தால் டயரின் பிடி விட்டுப்போகும்.

இழுக்கும் பக்கமும் இன்ஜின் பிரேக் பிடிக்கும் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. பல ஜப்பானிய வண்டிகளில் காதின் ஒரு பக்கம் பெரிய கட்டை, மறு பக்கம் சின்னது; இரண்டும் ஒரு பாலத்தால் இணைந்த ஒரே வார்ப்பு. மாற்றிப் போட்டுவிட்டால் வண்டி ஓடும். ஓட்டுநர் சஸ்பென்ஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

தேய்ந்த கட்டையில் ஆட்டத்தை எடுக்க, ஊர் மெக்கானிக்குகள் பழைய சைக்கிள் ட்யூபைக் காதின் அகலத்துக்கு வெட்டி, காதுக்கும் கட்டைக்கும் நடுவில் மடித்துச் செருகுவார்கள். இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. புதிய கட்டைகளோடு செய்தால் அது கட்டைகளைக் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கி உட்கார வைக்கிறது. அதாவது சுமையில்லாத வேளையிலும் காதின் இரு பக்கமும் ரப்பர் ஒட்டியே இருக்கிறது. பந்தயப் பட்டறைகள் அச்சில் வார்த்து வாங்கும் பெரிய கட்டைகளும் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. ட்யூபின் குறை, அது நாளடைவில் நகர்ந்து, கிழிந்து, ஒரு காதில் இருந்தும் மற்றொன்றில் இல்லாமலும் போய்விடுவது. அப்போது ஐந்து காதுகளின் சுமையை இரண்டு காதுகள் சுமக்கும். தட்டு மையம் விலகும். செயின் ஒரு சுற்றில் இறுகியும் தளர்ந்தும் போகும்.

எந்த ரப்பரும் காப்பாற்றாத ஒரு பிழை பேரிங்கில் இருக்கிறது. ஹப்பில் இரண்டு பேரிங் இருப்பது எல்லாருக்கும் தெரியும். காதுத் தட்டுக்குள் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்கும் ஹப்புக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய். லேத்தில் கடைந்து போட்ட ஸ்பேசர் நீளம் குறைந்துவிட்டால், ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது பேரிங்கின் உள்வளையம் பக்கவாட்டில் இழுபட்டுச் சீக்கிரமே சத்தம் போடும். நீளம் கூடிவிட்டால், தட்டு ஹப்பை விட்டு விலகி நிற்கும். காது ரப்பரில் முழு ஆழத்துக்கு இறங்காமல் நுனியில் மட்டும் அழுத்தும். ரப்பர் ஒரே ஓரத்தில் குழி விழுந்து வெளியே வந்தால் குற்றவாளி ரப்பர் இல்லை, இந்தக் குழாய். தட்டைக் கையால் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் ஆட்டம் தெரிகிறதா என்பதை ரப்பரைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வார்ப்பில் வந்த காதுகளின் ஓரத்தில் பிசிர் இருந்தால் அரம் போட்டு, மூலையை வளைவாக்கி, எமரித் தாளால் தேய்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை. ரப்பரைக் கத்தியால் வெட்டுவது போல வெட்டிக்கொண்டிருப்பது அந்தப் பிசிர்தான்.

பாலியூரிதேன் கட்டைகளுக்கு இப்போது மவுசு அதிகம். தேயாது, எண்ணெய்க்கு ஊறாது, மஞ்சளும் சிவப்புமாகப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதன் உள்ளே பிறக்கும் சூடு சுலபத்தில் வெளியே வராது. இடைவிடாத அடியில் மேல்தோல் பார்க்க நன்றாக இருக்க, நடுப்பகுதி இளகிக் குழைந்துவிடுவதுண்டு. சில சுற்றுகளில் முடியும் பந்தயத்துக்குச் சரி. மணிக்கணக்கில் ஓடும் எண்டியூரன்ஸ் பந்தயத்துக்கு யோசிக்க வேண்டும். டுகாட்டி 916 போல ஒற்றைக்கை ஸ்விங் ஆர்ம் கொண்ட வண்டிகள் வேறு வழி கண்டன: காதும் கட்டையும் இல்லாமல், ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் தட்டின் துளைகளில் ரப்பர் புஷ்கள், அவற்றின் நடுவில் பின்கள். ரப்பர் உரசித் தேய வழி குறைவு, ஆட்டம் சீக்கிரம் விழாது. தளர்ந்தால் பிரஸ்ஸில் வைத்து அமுக்கித்தான் மாற்ற வேண்டும். பந்தயத்துக்கு நடுவில் ஆகிற வேலை அது இல்லை.

நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை அழுத்தி, கியரை ஒவ்வொன்றாகக் கீழே தட்டும்போது பின்சக்கரம் துள்ளுவது, ரப்பரை எல்லாரும் சந்தேகிக்கும் இடம். கிராங்க்கின் சுழல் கனம் சக்கரத்துக்குத் தெரிவது கியர் விகிதத்தின் வர்க்கமாக. முன்சொன்ன 13.8ஐ வர்க்கமாக்கினால் 190. டாப் கியரில் மொத்த விகிதம் 6.4 அளவுக்கு இறங்கிவிடும். அதன் வர்க்கம் 41தான். ஒரே கிராங்க், டாப் கியரில் இருப்பதைவிட முதல் கியரில் நாலரை மடங்கு கனம் காட்டுகிறது. பிரேக்கில் எடையிழந்து தரையை மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரம் அந்தக் கனத்தைத் தூக்கிச் சுற்ற முடியாமல் நின்று நின்று துள்ளுகிறது. இங்கே ரப்பரை மென்மையாக்கினால் துள்ளலின் வேகம் குறையலாம், துள்ளல் போகாது. அதற்கு வைத்தியம் ஸ்லிப்பர் கிளட்ச். பின்னோக்கிய விசை ஒரு எல்லையைத் தாண்டியதும் அது தானாக நழுவிக் கொடுக்கும். ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் இன்ஜின் பிரேக் பக்கத்துக் கட்டைகளை இன்னும் சிறியதாக வைக்கலாம். அந்த இடத்தை இழுக்கும் பக்கத்துக் கட்டைகள் எடுத்துக்கொள்ளலாம்.

டயரின் பக்கச்சுவர், ரப்பர், செயின், கிளட்ச் ஸ்பிரிங் எல்லாம் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிய ஸ்பிரிங்குகள். அந்த வரிசையின் மொத்த மென்மையை, இருப்பதிலேயே மென்மையான ஒன்றுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டு, கெட்டி ரப்பர் போட்டதால் வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிப்பது வீண். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற பழைய பட்டறைப் பாடத்தை மறந்தவர்கள்தான் ரப்பர் விஷயத்தில் அதிகமாகச் சண்டை போடுகிறார்கள்.

மாட்டும்போது கிரீஸ் வேண்டாம். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும்; உப்பிய ரப்பர் சில வாரங்களில் பிசுபிசுத்துப் போகும். சோப்புத் தண்ணீர் போதும். தொட்டுத் தடவி, தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு காதாக இறக்கினால் சுத்தியல் தேவைப்படாது. தண்ணீர் காய்ந்ததும் பிடிப்பு தானாக வந்துவிடும். செயின் தொய்வை ரப்பர் மாற்றிய பிறகுதான் வைக்க வேண்டும். புதிய ரப்பர் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உட்காரும் என்பதால் முதல் பயிற்சிச் சுற்றுகள் முடிந்ததும் சக்கரத்தை ஒருமுறை கழற்றிப் பார்த்து, தொய்வைத் திரும்ப வைப்பது வழக்கம்.

கழற்றும்போது ஹப்பின் அடியில் தேங்கியிருக்கும் தூளை உடனே துடைத்துவிடக் கூடாது. விரலால் தொட்டுப் பார்த்தால் உலர்ந்த, மிருதுவான கருந்தூள் என்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது, ரப்பர் உரசித் தேய்கிறது. விரலில் ஒட்டும் உருண்டைகளாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது செயினுக்கு அடித்த எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறது. தூளில் வெள்ளிப் பொடி மினுங்கினால் ரப்பரை விட்டுவிட்டு, காதின் அடிவேரையும் தடுப்புச் சுவரின் மூலைகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, லென்ஸ் வைத்து விரிசல் தேட வேண்டும்.